சாமி பாலுக்கு அடுத்து

காலை ஐந்தே முக்காலுக்குப் பால் சொசைட்டியின் ஷட்டர் ஏறியது.

காளீஸ்வரி ஸ்கூட்டரை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போனாள். அவள் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். வேலை ராஜபாளையத்தில், பால் சோதிக்கும் மெசின் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில். மெசினுக்குள் ஓடும் புரோகிராமைப் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. இந்த ஊர் வத்திராயிருப்பு போகிற வழியில் இருந்தது. வீட்டிலிருந்து கிட்டம் என்பதால் முதலாளி பாலகணேஷ் அவளை அனுப்பியிருந்தார்.

பையில் லேப்டாப்பும் ஒரு சான்றிதழும் இருந்தன. மெசின் சரியாக இருக்கிறது என்று சான்றிதழில் அச்சிட்டிருந்தது. பாலகணேஷ் முன்பே கையெழுத்துப் போட்டுவிட்டார். "செத்த நேரம் பாத்துட்டு, தேதியைப் போட்டுக் குடுத்துட்டு வந்துரு" என்று சொல்லியிருந்தார்.

சொசைட்டி செகரெட்டரி இசக்கிமுத்து மெசின் மேல் கிடந்த துண்டை எடுத்து மடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மேடம். டீ சொல்லட்டுமா?"

"பொறவு குடிக்கேன் அண்ணாச்சி. மொதல்ல மெசினைப் பாப்போம்."

"மெசினுக்கு ஒண்ணும் இல்ல. ஆளுக்குத்தான் கோளாறு."

"யாரு?"

"பரிபூரணம்னு ஒரு பொம்பள. எதுத்த வீடு. ரெண்டு மாடு வச்சிருக்கா. மெசின் வந்ததுல இருந்து அவ பாலு டிகிரி காட்ட மாட்டேங்கு."

பாலின் கெட்டியைச் சொல்லும் எண்ணுக்குச் சொசைட்டிகளில் டிகிரி என்று பெயர். நல்ல பசும்பால் இருபத்தெட்டு காட்டும். இருபத்தாறுக்குக் கீழே போனால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள்.

"எம்புட்டு காட்டுது?"

"இருபத்தொண்ணு, இருபத்திரெண்டு. கொழாயைத் தொறந்து விட்டாத்தான் அம்புட்டுக் கொறையும். நாளைக்குச் சாயந்தரம் கமிட்டி. மெசின் சரின்னு நீங்க எழுதிக் குடுத்துட்டா அவ பேரை எடுத்துருவோம்."

"எடுத்துட்டா அவுக பாலை எங்க ஊத்துவாக?"

"எங்க ஊத்த? தண்ணிக்காரின்னு பேரு வந்துட்டா டீக்கடைக்காரன்கூட வாங்க மாட்டான்."

காளீஸ்வரி லேப்டாப்பை மேசையில் வைத்தாள்.

"எல்லா வேளையும் கொறையுதா?"

"அதான் மேடம் விஷயமே. சாயந்தரம் கொறையாது. காலையிலதான் கொறையும். காலையிலயும் அம்மன் கோயில் திருவிழா அன்னைக்குப் பாத்தா நல்ல டிகிரி. சாமிக்குப் பயந்து அன்னைக்கு மட்டும் ஊத்தல. மெசினா இருந்தா நல்ல நாளு பாத்துக் கெட்டுப்போகுமா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. காளீஸ்வரி லேப்டாப்பைத் திறந்தாள்.

ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் ஒருவர் பித்தளைச் செம்பில் பால் கொண்டுவந்தார். அம்மன் கோயிலுக்குத் தினமும் ஒரு வீட்டுப் பால். முறை வைத்துக் கொடுத்தார்கள். அது முதலில் சொசைட்டியில் கணக்கில் ஏறும். பிறகு பூசாரி எடுத்துப் போவார். மெசினில் உறுப்பினர் எண் ஒன்று சாமிக்குத்தான்.

பொத்தான்களுக்குப் பாலகணேஷ் தமிழிலேயே பெயர் போட்டிருந்தார். 'சோதி' என்று ஒன்று. 'விடு' என்று ஒன்று. 'நிறு' என்று ஒன்று. பாலை முதலில் சோதித்து, பிறகு நிறுக்க வேண்டும்.

இசக்கிமுத்து ஒன்றை அழுத்தினார். சாமியின் எண் ஏறி, குழாயைப் பாலில் வைக்கச் சொல்லித் திரையில் எழுத்து வந்தது. அவர் விடுவை அழுத்தினார். செம்புப் பாலைத் தட்டில் இருந்த பாத்திரத்தில் ஊற்றி நிறுத்தார். அரை லிட்டர். பாலைத் திரும்பவும் செம்பில் ஊற்றி, கண்ணுக்கு ஒற்றிக்கொண்டு, ஓரமாக வைத்தார்.

அடுத்து நின்றவள் பரிபூரணம். நாற்பது வயது இருக்கும். தூக்குவாளியை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். தோப்பு வேலைக்கு ஆள் ஏற்றும் வேன் ஆறு மணிக்கு வந்துவிடும். அதனால் சாமி பாலுக்கு அடுத்து அவள்தான் எப்போதும் முதல் ஆள். அவளுக்குப் பின்னால் நின்ற பால்பாண்டி வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கழுத்தை நீட்டினான்.

"ஏ பரிபூரணம், இன்னைக்கு எந்தக் கெணத்துப் பாலு?"

"ஒங்கப்பன் வெட்டுன கெணறு."

"எங்கப்பன் வெட்டுன கெணத்துல தண்ணியே வரலட்டீ. அது வேற ஆளு கெணறாயிருக்கும்."

வரிசையில் சிரித்தார்கள். இசக்கிமுத்து குழாயைப் பாலில் வைத்துச் சோதியை அழுத்தினார். மெசின் முனகியது. திரையில் எண் வந்தது. இருபத்தொன்று புள்ளி ஆறு.

"பாத்துக்கோங்க மேடம்" என்றார் இசக்கிமுத்து.

"கறக்கும்போது ஒருத்தர் வந்து நில்லுங்கன்னு சொன்னேன்ல" என்றாள் பரிபூரணம். "யாராச்சும் வந்தீகளா?"

"தெனமும் ஒருத்தன் ஒன் மாட்டுப் பின்னாடி நிக்க முடியுமா?" என்றார் இசக்கிமுத்து.

"ஒரு நாளு நிக்கலாம்லா."

"ஒரு நாளு நின்னா அன்னைக்கு மட்டும் ஒழுங்கா கறப்ப" என்றான் பால்பாண்டி.

பரிபூரணம் திரும்பவில்லை. காளீஸ்வரியைப் பார்த்தாள்.

"இவிய யாரு?"

"மெசின் கம்பெனிக்காரவுக. செக் பண்ண வந்திருக்காக."

பரிபூரணம் அவள் பக்கம் ஓர் அடி வைத்தாள். எதையோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. தெருவில் வேன் ஹாரன் கேட்டது.

"நல்லாப் பாருங்க தங்கச்சி" என்றாள். காலி வாளியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் பாலைக் கேனில் சேர்க்க வேண்டாம் என்று காளீஸ்வரி சொன்னாள். தனியாக ஒரு பாத்திரத்தில் மூடி வைத்தார்கள். அடுத்து பால்பாண்டிக்கு இருபத்தெட்டு வந்தது. அதற்கடுத்து வந்தவர்களுக்கும் குறையவில்லை. வரிசை நகர்ந்தது. காளீஸ்வரி திரையைப் பார்க்காமல் இசக்கிமுத்துவின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விடுவை அவர் வேறு யாருக்கும் அழுத்தவில்லை.

கூட்டம் கலைந்ததும் கேட்டாள்.

"அண்ணாச்சி, சாமி பாலை ஏன் சோதிக்கல?"

இசக்கிமுத்து சிரித்தார்.

"சாமி பாலைச் சோதிப்பாகளா மேடம்? சாமியையே சந்தேகப்பட்ட மாதிரில்லா ஆயிரும்."

"கொண்டு வாரவுகளைத்தானே சந்தேகப்படுறோம்?"

"சாமிக்குன்னு சொம்புல ஊத்திட்டா அது சாமி பாலுதான். பொறவு அதுல கொழாயை விடக் கூடாது. எச்சிப்படுத்துன மாதிரி."

விடு என்ற பொத்தானை வைத்தது சாமிக்காக அல்ல. குழாயில் காற்றுக் குமிழி ஏறிக்கொண்டால் சோதனையை நிறுத்திவிட்டு, அதே பாலில் குழாயைச் சரியாக வைத்து மறுபடி தொடங்குவதற்காக. ராஜபாளையத்தில் அவள் மெசினை எவ்வளவோ முறை சோதித்திருக்கிறாள். குமிழி ஏறியதில்லை. விடுவை அழுத்தியதும் இல்லை.

"இந்தப் பாலு இன்னும் சூடாத்தான் இருக்கு" என்றாள், பாத்திரத்தைத் தொட்டுப் பார்த்து. "ஒரு தடவை வெறுமனே சோதிங்க. பரிபூரணம் நம்பர் போட்டு."

இசக்கிமுத்து சோதித்தார். இருபத்தெட்டு.

அவர் திரையைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அதே இருபத்தெட்டு.

"இப்ப ஒண்ணைப் போடுங்க. விடு அழுத்துங்க. சாமி பாலு எம்புட்டோ அம்புட்டுத் தண்ணியை நிறுங்க. பொறவு இந்தப் பாலைச் சோதிங்க."

இருபத்தொன்று புள்ளி ஆறு.

"திருவிழா அன்னைக்குச் சாமிக்கு எம்புட்டுப் பாலு போச்சு?"

"அன்னைக்கு அபிசேகம்லா. கேனோட போகும். இருபத்தஞ்சு, இருபத்தாறு லிட்டர் இருக்கும்."

"அந்தக் கேன்ல பாதிக்கு மேல தண்ணி பிடிங்க. அதை நிறுத்துட்டுச் சோதிங்க."

இசக்கிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீர் பிடித்தார். ஒன்று. விடு. கேனைத் தூக்கித் தட்டில் வைத்து நிறுத்தார். குழாயைப் பாலில் வைத்தார். இருபத்தாறரை.

பாத்திரத்தில் இருந்தது ஒரே பால். யாரும் அதில் எதையும் ஊற்றவில்லை.

இசக்கிமுத்து கேனையும் பாத்திரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சாமிக்குக் கூட ஊத்துனா இவ பாலு கெட்டியாவுதா?"

"அப்படித்தான் தெரியுது அண்ணாச்சி."

"இது என்ன மேடம், குறி கேட்ட மாதிரில்லா இருக்கு."

"குறியெல்லாம் இல்ல. புரோகிராம்ல ஒரு தப்பு இருக்கு. எங்கன்னு பாத்துட்டு நாளைக்குக் காலையில வாரேன்."

"அப்ப சர்ட்டிபிகேட்டு?"

"இப்போதைக்குத் தர முடியாது."

சாமி செம்பு இன்னும் ஓரத்தில் இருந்தது. பூசாரி அப்போதுதான் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார்.

ராஜபாளையத்தில் அவர்கள் கம்பெனி ஒரு மாடி. கீழே மருத்துவமனைகளுக்குப் போகும் கட்டுத்துணியை மூட்டை கட்டினார்கள். படிக்கட்டில் எப்போதும் பஞ்சு கிடக்கும். காளீஸ்வரி போனபோது பாலகணேஷ் வெளியே போயிருந்தார். அவள் மெசினின் புரோகிராமை லேப்டாப்பில் ஓட்டினாள். பாலுக்குப் பதிலாக எண்களைக் கொடுத்தாள். விடுவை அழுத்தி, சாமி பாலின் அளவாக அரை லிட்டரைக் கொடுத்தாள். பிறகு நல்ல பால் ஒன்றைச் சோதித்தாள்.

இருபத்தொன்றரை. சாமி பாலின் அளவை மாற்றினாள். அதே இருபத்தொன்றரை. எவ்வளவு ஊற்றினாலும் மாறவில்லை.

மெசினில் மாறியது, இங்கே மாறவில்லை. அவள் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். இந்த வித்தியாசத்தை அவள் அறிவாள்.

புரோகிராமில் ஓர் எண்ணுக்குப் பெயர் வைத்தால் நினைவகத்தில் அதற்கு ஓர் இடம் கிடைக்கும். அந்த இடத்தில் முதலில் என்ன இருக்கும் என்பது பெயரை எங்கே வைத்தோம் என்பதைப் பொறுத்தது. குளோபல் என்கிற, புரோகிராம் முழுவதற்குமான பெயராக இருந்தால், மெசினைப் போட்டவுடன், வேறு எந்த வேலையும் தொடங்கும் முன், அந்த இடம் பூஜ்யமாக்கப்படும். தொடக்க எண் ஒன்றை எழுதியிருந்தால் அந்த எண் வந்து உட்காரும். இதற்கு வேண்டிய சில வரிகளை, எழுதியதை மெசினுக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர் தானாகவே சேர்த்துவிடும். புரோகிராம் எழுதுபவர் அதைப் பார்ப்பதுகூட இல்லை. ஆனால் ஒரு சின்ன வேலைக்குள் மட்டும் வைத்த பெயருக்கு யாரும் எதுவும் செய்வதில்லை. இடம் மட்டும் கிடைக்கும். முன்பு அங்கே இருந்த வேலை விட்டுப்போனது அப்படியே கிடக்கும்.

லேப்டாப்பில் இருக்கும் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஒரு லாட்ஜ் மாதிரி. ஒரு புரோகிராம் விட்டுப்போன இடத்தை இன்னொன்றுக்குக் கொடுக்கும் முன் சுத்தமாகத் துடைத்து, பூஜ்யமாக்கிக் கொடுக்கும். முன்னவர் விட்டதைப் பின்னவர் பார்க்கக் கூடாது என்பதற்காக. லேப்டாப்பில் நிறுவைக்கும் சோதனைக்கும் வேறு வேறு இடம் கிடைத்திருந்தது; சோதனைக்குக் கிடைத்தது அப்படித் துடைத்த இடம். பால் மெசினில் இருக்கும் சின்னச் சிப்பில் லாட்ஜ் இல்லை. அங்கே ஒரே ஒரு புரோகிராம்தான். அது ஒரு வீடு. ஒருவர் எழுந்த பாயில் அடுத்தவர் படுத்துக்கொள்வார். யாரும் உதறிப் போடுவதில்லை.

சோதிக்கும் வேலைக்குள் பாலின் சூட்டுக்கு ஒரு பெயர் இருந்தது. சூடான பால் இளகியிருக்கும். டிகிரி குறைத்துக் காட்டும். குளிர்ந்த பால் கெட்டியாக இருக்கும், கூட்டிக் காட்டும். ஆகவே மெசின் சூட்டை அளந்து டிகிரியைச் சரிசெய்துகொள்ளும். சூட்டை அளக்கச் சில விநாடிகள் ஆகும். விடுவை அழுத்தியவர் அதே பாலைத்தான் மறுபடி வைக்கப்போகிறார், சூடு முன்பே எடுத்தாயிற்று, வரிசையில் நிற்பவர்கள் எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று பாலகணேஷ் நினைத்திருந்தார். விடுவுக்குப் பிறகு சூட்டை அளக்க வேண்டாம் என்று எழுதியிருந்தார். ஆனால் முன்பு எடுத்த சூடு அந்த வேலை முடிந்ததுமே போய்விட்டது. சாமி பாலுக்கோ சூட்டை எடுக்கவே இல்லை. அந்த இடத்தில் வேறொன்று இருந்தது.

விடுவுக்குப் பிறகு நடப்பது நிறுக்கும் வேலை. அந்த வேலை அதே இடத்தில் தன் எண்ணை வைத்துவிட்டுப் போயிருந்தது.

அம்மனுக்கு அரை லிட்டர் என்றால் பரிபூரணத்தின் பாலுக்கு அரை டிகிரி சூடு. அப்போதுதான் கறந்த பால் மெசினுக்கு உறைபனியாகத் தெரிந்தது. இவ்வளவு குளிர்ந்த பால் இன்னும் கெட்டியாக இருக்க வேண்டும் என்று கழித்துக்கொண்டது. திருவிழா அன்று அம்மனுக்கு இருபத்தைந்து லிட்டர். பாலுக்கும் இருபத்தைந்து டிகிரி சூடு. அன்று பரிபூரணம் தப்பித்தாள். சாயந்தரம் சாமிக்குப் பால் இல்லை. விடு இல்லை. சாயந்தரமும் தப்பித்தாள்.

பாலகணேஷ் மத்தியானம் வந்தார். காளீஸ்வரி சொன்னதை நின்றபடியே கேட்டார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சிரித்தார்.

"அரை லிட்டரு அரை டிகிரியாயிருச்சா? ஏம்மா, ஒன்னு நிறுவை, ஒன்னு சூடு. ரெண்டும் ஒரே எடத்துலயா போய் உக்காரும்?"

"ரெண்டும் ஒரே அளவு எண்ணு சார். ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு கூப்பிடுறோம். எடம் அதேதான் கெடைக்குது."

"குளோபலா போட்டிருந்தா ஜீரோவாவது வந்திருக்கும்." அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வார்னிங்கெல்லாம் ஆஃப் பண்ணி வச்சது நான்தான். கம்பைலர் சும்மா நைநைன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. சரி, விடு. ஜீரோ போட்டு அனுப்பிரு. ஒரு வரி."

"ஜீரோ போட்டா ஆகாது சார்."

"ஏன்?"

"ஜீரோன்னா ஐஸ். அரை டிகிரிக்கும் ஜீரோவுக்கும் என்ன வித்தியாசம்? இப்பத் திருவிழா அன்னைக்காவது அவங்க பாலு நல்ல பாலு. ஜீரோ போட்டா அன்னைக்கும் தண்ணிப் பாலு."

"ஒரே மாதிரியாவது வரும்ல."

"ஒரே மாதிரி தப்பா வந்தா நம்மளை யாரும் கூப்பிடவே மாட்டாங்க சார்."

பாலகணேஷ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"அப்ப ஒண்ணு செய். அந்த விடுவை அழுத்த வேண்டாம்னு செகரெட்டரிகிட்ட சொல்லிரு."

"சாமி பாலைச் சோதிக்கச் சொல்லவா?"

"ஐயையோ. அதுக்கு மெசினையே திருப்பி எடுத்துக்கலாம்."

அவள் இரண்டு மாற்றங்கள் செய்தாள். விடு அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் ஒவ்வொரு பாலுக்கும் சூட்டை அளக்கச் சொன்னாள். அளக்கும் முன், அந்த இடத்தில் எந்தப் பாலுக்கும் வர முடியாத ஓர் எண்ணை வைத்தாள். சூடு இன்னும் தெரியவில்லை என்று சொல்ல ஓர் எண் வேண்டியிருந்தது. பூஜ்யம் அதற்கு உதவாது. பூஜ்யமும் ஒரு சூடுதான். அவள் மைனஸ் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது வைத்தாள். அது மாறாமல் இருந்தால் மெசின் டிகிரி சொல்லாது. மறுபடி வை என்று மட்டும் சொல்லும்.

பாலகணேஷ் பின்னால் நின்று படித்தார்.

"நல்லாருக்கு" என்றார். "எல்லா மெசினுக்கும் அனுப்பிருவோம். காலையில அங்க போயிப் போட்டுட்டு வந்துரு. காளீஸ்வரி, ஒண்ணு. தப்புன்னு சொல்லாத. அப்டேட்னு சொல்லு."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"நமக்காகச் சொல்லல. ஒரு ஊர்ல மெசின் தப்புன்னு சொன்னா, நாளைக்கு நெசமாவே தண்ணி ஊத்துறவன்லாம் மெசின் மேல பழியைப் போடுவான். பொறவு எந்தச் சொசைட்டியும் நடக்காது. செகரெட்டரிகிட்ட நான் பேசிக்கிடுதேன். அந்தம்மா பேரை எடுக்க மாட்டாக. அது போதும்ல?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கீழே மூட்டையைத் தரையில் போடும் சத்தம் கேட்டது. காளீஸ்வரி பையிலிருந்து சான்றிதழை எடுத்து அவர் மேசையில் வைத்தாள். அவர் அதை இரண்டாகக் கிழித்தார்.

மறுநாள் அவள் ஷட்டர் ஏறும் முன்பே போய் நின்றாள். இசக்கிமுத்து சாவியைப் போட்டுக்கொண்டே பேசினார்.

"ஒங்க மொதலாளி போன் பண்ணாரு. அப்டேட்டுன்னு சொன்னாரு. கமிட்டியில அப்படியே சொல்லிருதேன்."

"நேத்து நீங்களே கண்ணால பாத்தீகளே அண்ணாச்சி."

"பாத்தேன். இல்லங்கல." அவர் ஷட்டரைத் தூக்கினார். "மாசக்கணக்கா எல்லாரும் அவளைப் பேசிட்டோம் மேடம். நானும்தான் பேசிட்டேன். இப்பப் போயி அதையெல்லாம் கெளறி என்ன ஆவப்போவுது? பேரை எடுக்கல. பாலை ஊத்திட்டுப் போகட்டும். தன்னால அடங்கிரும்."

காளீஸ்வரி மெசினில் கேபிளைச் செருகினாள். புதிய புரோகிராம் ஏறிக்கொண்டிருந்தபோது ஆட்கள் வந்துவிட்டார்கள். சாமி பால் இன்று வேறொரு வீட்டிலிருந்து வந்தது. இசக்கிமுத்து ஒன்றை அழுத்தினார். விடு. செம்புப் பாலை நிறுத்தார். கண்ணில் ஒற்றினார்.

பரிபூரணம் வாளியை வைத்தாள். யாரையும் பார்க்கவில்லை. குழாய் பாலில் இறங்கியது. மெசின் வழக்கத்தைவிடச் சில விநாடிகள் கூடுதலாக எடுத்துக்கொண்டது. வரிசையில் பேச்சு நின்றது.

இருபத்தெட்டு புள்ளி ஒன்று.

பரிபூரணம் எண்ணைப் படித்தாள். உதடு அசைந்தது.

"பாத்தீகளா" என்றான் பால்பாண்டி பின்னாலிருந்து. "கம்பெனிக்காரவுக வந்து நிக்கவும் டிகிரி எப்படி ஏறுதுன்னு. தெனமும் ஒரு ஆளைப் போட்டாத்தான் சரிப்படும்."

யாரோ சிரித்தார்கள். இன்னொருவர், "நேத்தும்தான கம்பெனி அம்மா வந்தாக" என்றார்.

"நேத்து இவளுக்குத் தெரியாதுல்லா. இன்னைக்குத் தெரிஞ்சு வந்திருக்கா. உசாரு."

"ஏலே, சும்மா இருடா" என்றார் இசக்கிமுத்து. பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினார். "மெசினுக்கு அப்டேட் போட்டிருக்கு. இனிமே எல்லாருக்கும் கரெக்டா காட்டும். அடுத்த ஆளு வாங்க. பரிபூரணம், ஒனக்கு இனி ஒரு பிரச்சினையும் இல்ல. பேரெல்லாம் எடுக்கல. பாலை நிறுத்துட்டுப் போ."

பால்பாண்டி தன் வாளியை எடுத்து முன்னால் வந்தான். பரிபூரணம் நகரவில்லை. அவள் கொண்டுவந்த பால், நிறுக்கும் பாத்திரத்தில் விழுந்தது, எடை வந்தது, பால் கேனுக்குப் போனது. காலி வாளியை இசக்கிமுத்து நீட்டினார். அவள் வாங்கவில்லை. தெருவில் வேன் ஹாரன் அடித்தது. வாசலில் நின்ற ஒருத்தி, "ஏட்டி, வண்டி வந்துட்டு" என்று கூப்பிட்டாள். ஹாரன் மறுபடி அடித்தது.

காளீஸ்வரி கேபிளை உருவிச் சுற்றிக்கொண்டிருந்தாள். தன் எதிரே ஆள் வந்து நிற்பது தெரிந்து நிமிர்ந்தாள்.

"தங்கச்சி, அப்டேட்டுன்னா நான் தண்ணி ஊத்தலன்னு அர்த்தமா?"